பழைய காரின் எவர்சில்வர் பீடிங்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் பழைய ஃபியட்டோ அம்பாசடரோ வைத்திருக்கும் நண்பர்கள், வண்டிக்குப் பெயிண்ட் அடித்து முடித்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "பீடிங்கை, அதாவது வண்டியின் பளபளக்கும் அலங்காரப் பட்டைகளை, எங்கே பாலிஷ் போடக் கொடுக்கலாம்?" இப்போதைக்கு எங்கேயும் கொடுக்க வேண்டாம், முதலில் என்ன கோளாறு என்று பாருங்கள் என்பேன். பக்கவாட்டுப் பட்டை, கண்ணாடியைச் சுற்றிய சட்டம், வீல் கப், கிரில் என்று எல்லாமே தூரத்திலிருந்து பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். மங்கலுக்கான காரணம்தான் இடத்துக்கு இடம் வேறு. உப்புக் கறை துணியிலேயே போகும். ஒடுக்குக்குச் சுத்தியல் வேண்டும். முலாம் தேய்ந்த இடத்தில் பஃப் சக்கரத்தையே, அதாவது சுழன்று பாலிஷ் போடும் துணிச் சக்கரத்தையே, காட்டக்கூடாது.

எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, பாத்திரம் பாலிஷ் போடுகிறவரிடம் கொடுத்தால் அவர் எல்லாவற்றையும் ஒரே சக்கரத்தில்தான் பிடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கைக்குப் பழகியது வளைத்து அழுத்தித் தேய்த்தாலும் தாங்கும் பாத்திரம். பீடிங் தகட்டின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நீளமும் அதிகம், வெயிலில் வைத்தாலே வளையுமோ என்று பயமாக இருக்கும்.

கீழே உள்ளதில் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள். மற்றதில் உங்கள் வண்டியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம்.

இது எவர்சில்வர்தானா?

ஒரே வண்டியில் மூன்று, நான்கு உலோகம் கலந்திருக்கும். பம்பர் பொதுவாக இரும்புத் தகட்டின் மேல் குரோம் முலாம். கதவுக் கைப்பிடி, எழுத்து வடிவப் பேட்ஜ் போன்றவை துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து முலாம் பூசியவை. பட்டைகளில் சில எவர்சில்வர், சில அலுமினியம். முந்தைய சொந்தக்காரர் குர்லா சி.எஸ்.டி. ரோட்டு உதிரிப்பாகக் கடைகளில் கிடைத்ததை வாங்கி மாட்டியிருந்தால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்றுகூட இருக்கும்.

பட்டையைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். எவர்சில்வராக இருந்தால் அழுக்கைத் துடைத்ததும் உள்ளேயும் அதே வெள்ளை உலோகம் தெரியும். முலாம் போட்ட இரும்பாக இருந்தால் பின்னால் துரு செதில் செதிலாக உதிரும். கையில் எடுத்தால் எடையே தெரியாமல், கத்தி முனையால் பின்பக்கம் கீறினால் சுலபமாகக் கோடு விழுந்தால் அது அலுமினியம். நிறமும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்: குரோமில் லேசாக நீலம் ஓடும், எவர்சில்வர் அதைவிடக் கொஞ்சம் மங்கிய வெள்ளை.

காந்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். "காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட்" என்று கடைக்காரர்கூடச் சொல்வார். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 வகையில் காந்தம் ஒட்டாது, வளைத்த ஓரங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம். ஆனால் கார் பட்டைகளுக்கு நிறையப் பயன்பட்டது 430 வகை. அதில் குரோமியம் 17 சதவீதம் போல உண்டு, நிக்கல் கிடையாது. அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும், அதுவும் அசல் எவர்சில்வர்தான். இந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பழுப்புப் புள்ளி விஷயத்தில் உதவும்.

அமெரிக்க வண்டி வைத்திருந்தால் யோகம்தான். குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1947 முதல் பூட்டித் தந்த டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வகைகளின் காலத்தில் எவர்சில்வர் பட்டைகளைத் தாராளமாக வைத்தார்கள். ஃபோர்டு 1930 மாடல் ஏ காரிலேயே ரேடியேட்டர் உறையையும் விளக்குகளையும் துருப்பிடிக்காத எஃகில் செய்துவிட்டது. அந்தப் பாகங்கள் எவ்வளவு கேவலமாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அடியில் நல்ல உலோகம் இருக்கிறது, முலாம் எதுவும் இல்லை, உலோகம் உள்ளவரை தேய்க்கலாம்.

தேய்க்கத் தேய்க்க மஞ்சளோ செம்போ தெரிகிறது

உடனே நிறுத்துங்கள். நீங்கள் தேய்ப்பது எவர்சில்வர் இல்லை. மேலே மெல்லிய குரோம், அதன் கீழே லேசான மஞ்சள் ஓடும் நிக்கல், அதற்கும் கீழே செம்பு என்று அடுக்கடுக்காக இருந்ததில் மேல் அடுக்கைத் தாண்டிவிட்டீர்கள். இதற்குப் பாலிஷ் பதில் கிடையாது, திரும்ப முலாம் போடத்தான் வேண்டும். அலுமினியத்திலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அதன் மேல் அனோடைஸ் பூச்சு (மின்சாரம் செலுத்தி ஏற்றும் ஆக்சைடு படலம்) இருந்தால் சக்கரம் பட்ட இடம் பளிச்சென்றும் படாத இடம் சாம்பலாகவும் திட்டுத்திட்டாகிவிடும்.

வெள்ளைத் திட்டு, நீர்ச்சொட்டு வளையம், பொதுவான மங்கல்

பெரும்பாலும் இது உலோகத்தின் கோளாறே இல்லை. டேங்கர் தண்ணீரிலோ போர் தண்ணீரிலோ கழுவி அப்படியே வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்பு படியும். சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் போர்த்தி, நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். மிச்சத்துக்கு உலோகப் பாலிஷ், பிராசோ மாதிரி எதுவானாலும் சரி, மென்மையான துணியில் எடுத்து நீளவாக்கில் தேய்த்தால் போதும். பாதிப் பட்டைகளின் வேலை இங்கேயே முடிந்துவிடும். உப்புத்தாளைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

ஒன்று மட்டும் கூடாது: பாத்ரூம் தரை கழுவும் ஆசிட். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறை ஒரு நிமிடத்தில் போகும், கூடவே உலோகத்தில் ஊசிக்குத்துப் போலக் குழிகளையும் விட்டுவிட்டுப் போகும். பிளீச்சிங் கலந்த எதுவும் அதே ரகம்தான்.

பழுப்புப் புள்ளிகள்

மும்பையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். "எவர்சில்வர் என்றால் துருவே பிடிக்காது என்றார்களே?" பிடிக்கும். குரோமியம் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகி உலோகத்தைக் காக்கும். கடல் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைக்கும். வொர்லி கடலோரம், மெரின் டிரைவ் பக்கம் நிறுத்தும் வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். நிக்கல் இல்லாத 430 வகை 304 அளவுக்குத் தாங்காது. காந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

புள்ளி என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஒரு விரல் அளவு இடத்தில் உலோகப் பாலிஷ் தேய்த்துவிட்டு பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

புள்ளி முழுதாகப் போய் அடியில் வழவழப்பாக இருந்தால் மேலோட்டமான கறை. பல சமயம் அந்தத் துரு பட்டையினுடையதே இல்லை, வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த இரும்புத் துகள். டிங்கரிங் ஒர்க்‌ஷாப்பில் பக்கத்து வண்டிக்கு கிரைண்டர் ஓட்டும்போது பறக்கும் பொறி இதற்குப் போதும். சாதாரண இரும்பு நார், இரும்புக் கம்பி பிரஷ் இரண்டும் இதே வேலையைச் செய்யும்: தேய்த்த அன்று பளபளக்கும், அடுத்த ஈரக் காற்றில் தேய்த்த தடம் முழுக்கப் பழுப்பாகும்.

இதற்கு நல்ல மருந்து எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் முதலில் நீக்குங்கள். லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து, பட்டை 20 நிமிடத்துக்குக் குறையாமல் மூழ்கியிருக்கட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. நீளப் பட்டைக்குத் தொட்டி தேடி அலைய வேண்டாம், ஒரு முனை அடைத்த பிவிசி குழாய் போதும். பிறகு நிறையத் தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவையுங்கள். ஒட்டிய இரும்பு கரைந்துவிடும், பாதுகாப்புப் படலம் திரும்ப உருவாக வழி கிடைக்கும். அலுமினியப் பட்டையையும் முலாம் போட்டதையும் இதே குழாயில் போடாதீர்கள்.

புள்ளி போய் அடியில் கரும்புள்ளியாகக் குழி தெரிந்தால் அது நிஜமான அரிப்பு. நகம் மாட்டாத ஆழம் என்றால் 600 வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட நைஸ்) தொடங்கித் தேய்த்து எடுத்துவிடலாம். நகம் மாட்டினால் யோசியுங்கள். குழியின் அடிவரை சுற்றிலும் தகட்டைக் கரைத்தால் மிஞ்சுவது காகிதம். நான் அப்படிப்பட்ட குழிகளைச் சுத்தம் செய்து அப்படியே விட்டுவிடுவேன். இரண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

புள்ளியாக இல்லாமல் பட்டையின் கீழ் ஓரத்திலிருந்து பெயிண்டின் மேல் பழுப்புக் கோடாக வழிந்தால் பட்டையைத் தேய்த்துப் பயனில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் கிளிப்தான் துருப்பிடித்து ஒழுகுகிறது. கழற்றி கிளிப்பை மாற்றுங்கள்.

ஒடுக்கு

ஒடுக்கை எடுக்காமல் பாலிஷ் போட்டால் ஒடுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். மங்கலான பட்டையில் மறைந்திருந்த பள்ளத்தைப் பளபளப்பு ஊருக்கே காட்டிவிடும்.

அவசரமில்லாத ஒரு நாளில் உட்காருங்கள். பட்டையின் முன்பக்க வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி தேக்கு போன்ற கட்டி மரத்துண்டில் ஒரு பள்ளம் செதுக்கிக்கொள்ளுங்கள். பட்டையைக் கவிழ்த்து அதில் வைத்து, பின்பக்கத்திலிருந்து தட்ட வேண்டும். சுத்தியல் நேராக உள்ளே போகாது. பித்தளைக் கம்பியின் முனையை உருட்டி மழுக்கி, அதை ஒடுக்கின் மேல் வைத்துச் சிறிய சுத்தியலால் தட்டுங்கள். ஒடுக்கின் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வாருங்கள். நடுவில் ஓங்கி ஒரு அடி போட்டால் தகடு நீண்டுவிடும், நீண்டதைத் திரும்பச் சுருக்குவது பெரும்பாடு. விரலால் அழுத்தினால் டக் டக் என்று உள்ளே வெளியே போய்வரும் இடம் அப்படி நீண்டுபோனதுதான்.

கண் ஏமாற்றும். முன்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் பூசி, நைஸ் அரத்தைப் படுக்கையாக வைத்து ஒரே ஒரு முறை இழுங்கள். மை போன இடம் மேடு, மை இருக்கும் இடம் பள்ளம். பள்ளத்தைப் பின்னாலிருந்து இன்னும் கொஞ்சம் தட்டி, திரும்ப மை பூசிப் பாருங்கள். மேட்டை அரத்தால் அராவிச் சமன் செய்யும் ஆசை வரும், வேண்டாம். அரம் இங்கே அளவுகோல் மட்டும்தான். கடைசியில் மயிரிழை அளவு மேடு பள்ளம் மிச்சமிருந்தால் வாட்டர் பேப்பர் பார்த்துக்கொள்ளும்.

டார்ச் வைத்துச் சூடாக்கினால் இளகும் என்று சிலர் சொல்வார்கள். 304 தகடு உண்மையில் இளக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்குள் தகடு கோணி, கறுத்து, கிளிப் மாட்டும் மடிப்பு விரிந்துவிடும். தட்டத் தட்ட எவர்சில்வர் கெட்டியாகும் என்பதும் உண்மை, ஆகவே குறைவான அடிகளில் முடிப்பதே திறமை.

பாலிஷ் போட்ட பிறகு பழைய கீறல் திரும்ப வந்துவிட்டது

திரும்ப வரவில்லை, அது போகவே இல்லை. முந்தைய தாளின் கோடு முழுதாக மறையும் முன்பே அடுத்த தாளுக்குத் தாவியதன் விளைவு. 400, 600, 800, 1000 என்று வாட்டர் பேப்பரை ஏற்றிக்கொண்டு போங்கள். லேசான கீறலுக்கு 800-லேயே தொடங்கலாம். 320 தாள், அரம் இழுத்த தடத்துக்கு மட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விடுங்கள்.

சூட்சுமம் திசையில் இருக்கிறது. ஒரு தாளைச் சாய்வாக இடப்பக்கம் தேய்த்தால் அடுத்ததை வலப்பக்கச் சாய்வில் தேயுங்கள். பழைய கோடு ஒன்று பாக்கி இருந்தாலும் குறுக்கே நின்று காட்டிக்கொடுக்கும். கடைசித் தாள் மட்டும் நீளவாக்கில். 1000 முடிந்ததும் பட்டை சீரான சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒரு கோடு தெரிந்தால் சக்கரத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும். இதில் பொறுமை காட்டியவருக்கு பஃபிங் கொஞ்ச நேர வேலைதான்.

பஃபிங்குக்கு முதலில் சைசல் நார்ச் சக்கரமும் வெட்டும் சோப்புக் கட்டியும் (சக்கரத்தில் பூசும் பாலிஷ் கட்டியைத்தான் சோப்பு என்பார்கள்). அடுத்து தைத்த பருத்திச் சக்கரம். கடைசியாகத் தைக்காத தளர்ந்த பருத்திச் சக்கரத்தில் எவர்சில்வருக்கான பச்சைக் கட்டி அல்லது வெள்ளைக் கட்டி. சோப்புக்கு ஒரு சக்கரம், மாற்றிப் பூசக்கூடாது. வாலோடு பறக்கும் மெல்லிய கோடுகள் விழுந்தால் மென்சக்கரத்தில் முரட்டுத் துகள் ஏறிவிட்டது என்று அர்த்தம். நாக்தேவி தெருக் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும், "எஸ்.எஸ். பாலிஷுக்கு" என்று சொல்லிக் கேளுங்கள், எஸ்.எஸ். என்றால் எவர்சில்வர்.

பளபளக்கிறது, ஆனால் பிம்பம் அலையலையாக நெளிகிறது

விரல் நுனியில் தாளை வைத்துத் தேய்த்திருப்பீர்கள். விரல் அழுந்திய இடமெல்லாம் வாய்க்கால். தட்டையான பட்டைக்குக் கட்டி ரப்பர் துண்டோ மரத்துண்டோ வைத்து 400-இலிருந்து திரும்ப வர வேண்டும். வளைந்த பட்டைக்கு அதன் வளைவுக்கேற்ற மரத்துண்டு. ஒரே இடத்தில் சக்கரத்தை நெடுநேரம் பிடித்தாலும் இதே நெளிவு வரும். பட்டையின் நடுவில் ஓடும் கூர்மையான முகடு மழுங்கிப்போவதும் அதனால்தான், போன முகட்டைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

வைக்கோல் நிறம், ஊதா, நீலம்

சூடு. எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் படுமந்தம், அலுமினியம் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. சக்கரம் உரசிய இடத்தின் சூடு அங்கேயே தேங்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று போகும். மஞ்சளோடு நிறுத்தினால் மென்சக்கரத்திலேயே போய்விடும். நீலம் வந்திருந்தால் தாளுக்குத் திரும்ப வேண்டியிருக்கும், பட்டையும் லேசாகக் கோணியிருக்கலாம். அழுத்தத்தைக் குறையுங்கள், பட்டையை நகர்த்திக்கொண்டே இருங்கள், தொடச் சுடுகிறது என்றால் ஓய்வு கொடுங்கள்.

கறுப்புப் பிசுக்கு, பால் பூசியது போன்ற மூட்டம்

சோப்பை அளவுக்கு மீறிப் பூசியிருக்கிறீர்கள். சுழலும் சக்கரத்தில் கட்டியை ஒரு நொடி தொட்டால் போதும். பட்டையை மண்ணெண்ணெயால் துடைத்து, வெந்நீர் சோப்பில் கழுவி, சாக்பீஸ் தூள் தூவிய சுத்தமான துணியால் துடையுங்கள். சக்கரத்தை ரம்பத் தகட்டின் பல் முனையால் வாரிப் பழைய சோப்பை உதிர்த்துவிட்டு அடுத்த பட்டைக்குப் போங்கள்.

சக்கரம் பட்டையைப் பிடுங்கிக்கொண்டது

பட்டை வளைந்தால் வளையட்டும், கை பத்திரமா என்று பாருங்கள். 8 அங்குலச் சக்கரம் 2800 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. நீளப் பட்டையின் முனை அதில் மாட்டினால் சாட்டையாகச் சுழலும்.

சக்கரத்தின் முன்பக்கம் கீழ்நோக்கிச் சுற்ற வேண்டும், நீங்கள் தொடுவது மையத்துக்குக் கீழே. பட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓரம் நோக்கி மட்டும் தேய்த்து, பிறகு பட்டையைத் திருப்பிப் பிடித்து மறுபாதி. மேல் ஓரத்தைச் சக்கரத்துக்குக் காட்டினால் பிடுங்கும். நீளப் பட்டையை மரச்சட்டத்தில் பொருத்திவிட்டுத் தேய்ப்பது இன்னும் பாதுகாப்பு. முகக் கவசமும் தூசி மாஸ்க்கும் கட்டாயம். துணிக் கையுறை, லுங்கி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் சக்கரத்தின் பக்கத்தில் வரக்கூடாது.

கிழிசல், ஓட்டை

ஆர்கான் வெல்டிங்தான் வழி. 304 தகட்டுக்கு 308 எல் கம்பி, பின்னால் சூட்டை வாங்க ஒரு செம்புப் பட்டை. கேட், ரெயிலிங் வேலை செய்யும் கடைகளில் கரண்ட்டைக் கனமான குழாய்க்கு ஏற்றபடி வைத்திருப்பார்கள். அதே தகட்டில் ஒரு துண்டு கொடுத்து முதலில் அதில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விரிசல் நீளமாக இருந்தால் சோர் பஜாரிலோ குர்லா பங்கார் (பழைய இரும்பு) கடைகளிலோ மாற்றுப் பட்டை தேடுவது மேல். பத்மினிக்காரர்கள், அதாவது பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட் வைத்திருப்பவர்கள், தள்ளிப்போட வேண்டாம். மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது, பிரிக்கப் புதிதாக டாக்ஸி இனி வராது.

மாட்டினால் பொருந்தவில்லை

தட்டியதில் நீண்டதா, சூட்டில் கோணியதா என்று தட்டையான மேசையில் கிடத்திப் பாருங்கள். நீளவாக்கில் லேசான வளைவைக் கையாலேயே, துணி சுற்றிய முழங்காலில் வைத்துச் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். சில சமயம் குற்றவாளி பின்னால் இருக்கும் மடிப்பு. ஒடுக்கு எடுக்கும்போது அது நெரிந்து கிளிப் நுழையாமல் போயிருக்கும். நைலான் கிளிப் கிடைத்தால் அதையே போடுங்கள். எவர்சில்வர் பட்டையும் வண்டியின் இரும்பும் ஈரத்தோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இரும்புக்குத்தான். ஓட்டைகளைச் சுற்றி பெயிண்ட் தொட்டு, கொஞ்சம் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். பீடிங் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் இதைச் செய்யாமல் விட்டதுதான் காரணமாக இருக்கும்.

ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மங்கிவிடுகிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல தண்ணீரால் வாரம் ஒரு முறை கழுவித் துடைத்தால் உப்பு சேராது. மழை கழுவிவிடும் என்று விடாதீர்கள். பட்டையின் கீழ் ஓரத்திலும் கூரைக்குக் கீழே மழை படாத இடங்களிலும் உப்பு அப்படியே இருக்கும். மழை தொடங்குமுன் ஒரு கை கார் வாக்ஸ், நடுவில் இன்னொரு முறை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும், அதற்குத் துணி உறை பரவாயில்லை. பளபளப்பு நிலைக்கட்டும் என்று மேலே கிளியர் லாக்கர் அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வழவழப்பான எவர்சில்வரில் அது சரியாகப் பிடிக்காது. மஞ்சளாகி உரியத் தொடங்கினால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு 800 தாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.